மலையுச்சியும் கடைமடையும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்குச் சமவெளியில் அமைந்த பழம்பதி ஆவுடையார்கோவில். மாணிக்கவாசகப் பெருமான் அருள் பெற்ற திருப்பெருந்துறை இதுவே. இவ்வூரில் நின்று எத்திசையை நோக்கினும் வயலும் ஏரியும் பனையும் கருவேலமுமே கண்ணிற்படும். மலை ஒன்றும் தோன்றாது. மலையையே காணாத ஊரில் வாழ்வோர்க்கு மலையைப்பற்றிய கவலை எதற்கு என்று மாணவர்களுட் சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை தேடுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

விடையை நீரிடத்திலிருந்து தொடங்குவோம். கல்லணையிற் பிரியும் கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணையை ஒட்டிய திட்டத்தில் வெட்டப்பெற்று, 1934-ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வருகிறது. அக்கால்வாய் தஞ்சை நாட்டைக் கடந்து அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் வட்டாரங்களின் ஏரிகளை எட்டுகிறது. நீர் இறுதியாக வந்து சேரும் இத்தகைய இடத்தை உழவர்கள் கடைமடை என்பர். கடைமடை உழவனுக்குத் தன் வாய்க்காலின் நீளம் தெரியும். ஆயினும் அந்நீர் பிறக்கும் இடம் அவன் கண்ணுக்கு மறைவானது. காவிரி குடகில் தோன்றுகிறது. வழியில் அதனோடு கலக்கும் ஆறுகளுள் ஒன்று பவானி. அப்பவானிக்கு நீர் தருவது நீலகிரி. முக்குருத்தி மலைப்பகுதியிற் பிறக்கும் பைக்காரா ஆறு மோயாறாகித் தாழ்நிலம் இறங்குகிறது. பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியை அடைகிறது. ஆகவே, அம்மலையுச்சியில் விழுந்த மழைத்துளிகளுட் சில, பல அணைகளிலும் வாய்க்கால்களிலும் தங்கித் தங்கி, நம் கடைமடையை வந்தடைதல் கூடும். மலையுச்சியின் நலமும் கடைமடையின் நலமும் ஒரே கயிற்றின் இரு நுனிகள் ஆகும்.

அம்மலையுச்சி எவ்வாறு இருக்கும்? கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேற்பட்ட நீலகிரி, ஆனைமலை, பழனிமலைப் பகுதிகளில் இயற்கை ஒரு விந்தையான அமைப்பை வகுத்துள்ளது. குன்றுகளின் முதுகெல்லாம் புல்வெளி பரந்திருக்கும். குன்றுக்கும் குன்றுக்கும் இடையே உள்ள பள்ளங்களில் மட்டும் அடர்ந்த மரக்காடு செறிந்திருக்கும். இக்காட்டைச் சோலை என்று வழங்குவர். குளிர்காலத்து இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி படியும். அப்பனியும் பெருங்காற்றும் புல்வெளியில் இளமரக் கன்றுகளை வளரவிடா. புல்லோ அவற்றைத் தாங்கி நிற்கும். மழை பொழியும்போது புல்லின் வேர்த்தொகுதியும் அதன்கீழுள்ள கரிய மண்ணும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன; பின்னர்ச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. பள்ளத்திலுள்ள சோலையும் சதுப்பும் அக்கசிவை ஏற்று ஓடையாக்கி அனுப்புகின்றன. மழை நின்ற பிறகும் மலையோடைகள் ஓடுவதன் காரணம் இதுவே. பன்னீராண்டுகட்கு ஒருமுறை பூத்து மலையையே நீலமாக்கும் குறிஞ்சிச் செடியும் இப்புல்வெளிக்கே உரியது. 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் அது பெருவாரியாகப் பூத்ததைப் பலரும் கண்டு மகிழ்ந்தனர்.

இப்புல்வெளியின் தலைமகன் என்று சொல்லத்தக்கது வரையாடு. வரை என்பது மலை; மலையில் வாழும் ஆடு ஆதலின் இப்பெயர் பெற்றது. சங்கப் புலவர்கள் இதனை வருடை என்று பாடினர். தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக இது வாழ்வதில்லை. இமயத்திலுள்ள தார் ஆட்டின் உடன்பிறப்பாக இதனை அறிஞர் நெடுங்காலம் கருதினர். ஆனால் 2005-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, இது செம்மறி இனத்திற்கே நெருங்கிய உறவுடையது என்று காட்டியது. முதிர்ந்த கடா கருமை கலந்த நிறத்ததாய், முதுகில் வெள்ளைச் சேணம் இட்டாற்போன்ற தோற்றம் உடையது. பகைவிலங்கின் மணம் எட்டியவுடன் மந்தை முழுவதும் செங்குத்தான பாறைச்சரிவை நோக்கி ஓடும். நாம் நிற்கவும் அஞ்சும் விளிம்பில் அதன் குட்டியும் தாவி விளையாடும். மேய்ச்சலுக்குப் புல்வெளியும், புகலுக்குப் பாறையும் அருகருகே அமைந்த இடமே அதற்கு வீடு. இவ்விரண்டில் ஒன்று குறையினும் அதற்கு வாழ்வில்லை.

அதே புல்வெளியில் மனிதரும் வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் தோதவர்; தோடர் என்றும் வழங்கப்பெறுவர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 2,000 பேரே ஆவர். அவர்தம் சிற்றூருக்கு மந்து என்று பெயர். நீண்டு வளைந்த கொம்புகளையுடைய ஒரு தனிவகை எருமையே அவர்களுடைய செல்வம். மரபுவழியே அவர்கள் ஊன் உண்ணாதவர். பாலும் மோரும் நெய்யுமே அவர்தம் உணவின் சிறப்புடைப் பகுதி. பால்மனையையே கோயிலாகவும், பால் கடைவோனையே பூசாரியாகவும் போற்றும் சமயம் அவர்களுடையது. கோடையில் புல் வறண்டபொழுது அவர்கள் எருமைகளை ஓட்டிக்கொண்டு மேற்கே குந்தா மலைப்பகுதிக்குச் சென்று, மழைக்குப் பின் திரும்புவர். தோதவர் பாலும் நெய்யும் தர, படகர் தானியம் தந்தனர். கோத்தர் மட்கலமும் இரும்புக் கருவியும் செய்து தந்தனர். குறும்பர் காட்டுப்பொருள் கொணர்ந்தனர். இவ்வாறு ஒருவர்க்கொருவர் துணையாய் அம்மலையில் பன்னூறாண்டுகள் வாழ்ந்தனர். உயிர்நீத்தவர் முக்குருத்திச் சிகரத்தின் வழியே மறுமை உலகை அடைவர் என்பது தோதவர் நம்பிக்கை. வரையாடு இன்று நிலைபெற்று வாழும் இடங்களுள் ஒன்றும் அம்முக்குருத்தியே என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆவுடையார்கோவில் மாணவர்க்குத் தோதவர் வாழ்க்கை முற்றிலும் புதியதன்று. அறுவடை முடிந்ததும் இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிவருவதையும், வயலிற் கிடை போடுவதையும் நம் ஊர்ப்புறத்தில் காண்கிறோம். ஆட்டின் எருவால் வயல் வளம் பெறுகிறது. வயலின் தாளால் ஆடு பசி தீர்கிறது. புல்லைத் தேடிக் கால்நடையும், கால்நடையைத் தொடர்ந்து மனிதனும் செல்லும் இவ்வாழ்க்கைக்கு ஒன்று இன்றியமையாதது. வழி திறந்திருத்தல் வேண்டும். வழியின் முடிவில் மேய்ச்சல் இருத்தல் வேண்டும். தரிசு நிலமெல்லாம் வேலிக்குள் அடங்கிவிட்டால் கீதாரி என் செய்வான்? அவனுக்கு நேரக்கூடிய இடரே மலைமேல் தோதவர்க்கு நேர்ந்தது.

இன்னும் ஓர் ஒப்புமை உண்டு. ஆவுடையார்கோவில் கொடுங்கையின் புகழை அறியாதார் யார்? மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் போலவே கல்லைக் குடைந்து கூரை அமைத்த அருமை நோக்கி, இக்கொடுங்கையைப்போல் செய்து தருதல் எம்மால் இயலாது என்று சிற்பிகள் தம் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுப்பது வழக்கம் என்று கூறுவர். தோதவர் கோயிலோ மூங்கிலாலும் பிரம்பாலும் புல்லாலும் வேயப்பட்டது. பாதியாகப் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற வடிவம் உடையது. நம் கோயிலின் கூரை கல். ஒருமுறை செதுக்கினால் நூற்றாண்டுகள் நிற்கும். அவர்கள் கோயிலின் கூரை புல். அதனை மீண்டும் மீண்டும் புதுப்பித்தல் வேண்டும். அதற்குரிய புல் மலைச் சதுப்புகளில் விளைந்தால்தான் புதுப்பிக்க முடியும். சதுப்பு அழிந்தால் கோயிலும் அழியும். ஒரு மக்கட்கூட்டத்தின் வழிபாடு முழுவதும் ஒரு புல்லின் வேரில் நிலைத்திருப்பதை இங்கே காண்கிறோம்.

இவ்வாழ்வில் மாறுதல் புகுந்தது 19-ஆம் நூற்றாண்டில். 1819-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் ஆட்சியாளராயிருந்த சான் சலிவன் நீலகிரிக்குச் சென்றார். பின்னர் அங்கே ஆங்கிலேயர் குடியேறினர், உதகமண்டலம் நகராயிற்று. காப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் உருளைக்கிழங்கு வயலும் மலையிற் பரந்தன. துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர்க்கு வரையாட்டைச் சுடுதல் பொழுதுபோக்காயிற்று. வேட்டையாடுவதற்கே விலங்கில்லாமற் போய்விடுமோ என்னும் அச்சம் பிறந்த பின்னரே, 1877-ஆம் ஆண்டில் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கம் ஒன்று நீலகிரியில் அமைந்தது. 1879-ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது.

துப்பாக்கியினும் பெருந்தீங்கு செய்தது வேறொன்று. அது மரம்! மாணவர்கள் இதனைக் கேட்டு வியப்படையலாம். மரம் நடுதல் நல்லறம் என்று நாள்தோறும் படிக்கிறோமே, மரம் எங்ஙனம் தீங்காகும் என்று கேட்கலாம். புல்வெளியைக் கண்ட ஆட்சியாளர் அதனை வெற்றுத் தரிசு என்று எண்ணினர். 1843-ஆம் ஆண்டளவில் ஆசுத்திரேலியாவிலிருந்து தைலமரம் நீலகிரிக்கு வந்தது. சீகை என்று அங்கு வழங்கும் வாட்டில் மரமும் அந்நாட்டிலிருந்தே வந்தது. முதலில் விறகுக்காகவும், பின்னர்த் தோல் பதனிடும் பட்டைக்காகவும், செயற்கைப் பட்டு நூலுக்குரிய மரக்கூழுக்காகவும் புல்வெளிகளில் இம்மரங்களைப் பெருமளவில் நட்டனர். நாடு விடுதலை அடைந்த பின்னரும் இப்பணி பல்லாண்டுகள் தொடர்ந்தது. நட்டவர் தீயோர் அல்லர்; மக்களுக்கு விறகும் தொழிற்சாலைக்குப் பொருளும் வேண்டும் என்றே நட்டனர். ஆனால் புல்வெளி என்பது மரம் இல்லாத காடன்று. அது தனக்கெனத் தனி வாழ்வுடைய நிலம் என்பதை அவர்கள் உணர்ந்திலர்.

விளைவு யாது? மரநிழலிற் புல் மடிந்தது. வரையாட்டின் மேய்ச்சல் சுருங்கியது. வேகமாக வளரும் அம்மரங்கள் மண்ணின் நீரை மிகுதியாக உறிஞ்சின. சதுப்புகள் வறண்டன. எருமை மேய இடமின்றித் தோதவர் மந்தைகள் சிறுத்தன. மந்தையை விட்டு உழவிலும் கூலித்தொழிலிலும் பலர் இறங்கினர். வாட்டில் மரத்தின் விதை மண்ணுள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லது. மரத்தை வெட்டினால் ஆயிரமாயிரம் கன்றுகள் முளைத்தெழும்.

திருப்பெருந்துறைக் கதையை அறிவோம் அல்லமோ? குதிரை வாங்கத் தந்த பொருளை வாதவூரர் திருப்பணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிப் பாண்டியனுக்கு அளித்தான். அன்று இரவே பரிகள் மீண்டும் நரிகளாயின. அக்கதையில் மாறியது ஓரிரவில் மீண்டது. மலையிலோ மனிதன் புல்வெளியைத் தோப்பாக மாற்றினான். அது தானாக மீண்டும் புல்வெளியாக மாறவில்லை. கெடுப்பதற்கு ஒரு தலைமுறை போதும். திருத்துவதற்குப் பல தலைமுறை வேண்டும்.

மின்னாற்றல் பெறுதற்கு எழுந்த அணைகளும் மலைப்பள்ளத்தாக்குகளை நிரப்பின. பைக்காராவில் 1930-களிலும், குந்தாவில் 1950-களுக்குப் பின்னும் பெருந்திட்டங்கள் நிறைவேறின. அவற்றால் நாடு ஒளி பெற்றது என்பதை மறத்தல் தகாது. ஆயினும் மேய்ச்சல் நிலங்கள் நீருள் மறைந்ததும் உண்மையே. தோட்டங்களும் சாலைகளும் அணைகளும் இடையிற் புகுந்தமையால், வரையாட்டு மந்தைகள் கடலிடைத் தீவுகள்போல் தனித்தனிக் குன்றுகளில் ஒதுங்கின. ஒரு குன்றின் மந்தை மறு குன்றின் மந்தையோடு கலக்க இயலாதபோது இனத்தின் வலிமை குன்றும். உலகம் வெப்பமடைந்து வருதலோ புதிய இடர். கீழ்நிலம் வெப்பமடைந்தால் அங்குள்ள உயிர்கள் மேலே ஏறலாம். உச்சியில் வாழும் உயிர் எங்கே ஏறும்?

மந்தை காப்போரின் துன்பத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். முற்றிய புல்லைக் காலமறிந்து எரித்துப் புதுத்தளிர் எழச் செய்வது தோதவர் மரபு. காட்டுத்தீக்கு அஞ்சிய அரசு அதனைத் தடுத்தது. காடும் விலங்கும் காக்கப்பட்ட இடங்களில் புலியும் பெருகுகிறது. புலி எருமையைக் கொன்றால், அன்று ஒரு குடும்பத்தின் செல்வம் போயிற்று. இழப்பிற்குரிய ஈடு காலத்தில் வந்து சேராவிடின் நெஞ்சில் சினம் மூளும். 2023-ஆம் ஆண்டில், நஞ்சிட்ட பசுவின் உடலைத் தின்று நீலகிரியில் இரு புலிகள் மடிந்தன. அச்செயலை எவரும் போற்றார். எனினும், புலி காக்கப்பட வேண்டும் என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது. அதன் விலையைத் தம் தொழுவத்திலிருந்து கொடுப்பவர் மலைவாழ் மக்களே என்பதை மறந்துவிட்டு அறம் பேசுதல் நேர்மை ஆகாது.

இந்நிலையைத் திருத்த முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டுக்கு முதல் வரிசைக் காவலை அளித்தது. கேரளத்தில் ஆனைமுடியை ஒட்டிய இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. குட்டிகள் பிறந்து வளரும் காலத்தில் அங்கே பார்வையாளரை அனுமதிப்பதில்லை. தமிழ்நாட்டில் முக்குருத்தி 1982-இல் சரணாலயமாகி, 1990-இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. வரையாட்டைப்பற்றி முதன்முதலாக முறைப்பட ஆராய்ந்தோருள் ஒருவர் இ. ஆர். சி. டேவிதார். அவரை நினைவுகூர்ந்து அக்டோபர் 7-ஆம் நாளை வரையாட்டு நாளாகத் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் 25.14 கோடி ரூபாய் மதிப்பில் நீலகிரி வரையாட்டுத் திட்டத்தையும் அவ்வரசு வகுத்தது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளும், 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,303 வரையாடுகளும் காணப்பட்டன. எண்ணிக்கை கூடியது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒரு பேரூரின் மக்கள்தொகைக்கும் எட்டாத சிறுதொகை அன்றோ அது!

மக்களை விலக்கிவிட்டு விலங்கைக் காத்தல் இயலுமா? இவ்வினாவிற்கு இமயமலை ஒரு விடை தருகிறது. இமாசலப் பிரதேசத்தில், சிபிதிப் பள்ளத்தாக்கிலுள்ள கிப்பர் என்னும் ஊர் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே பனிச்சிறுத்தை கால்நடைகளைக் கொன்றது, மக்கள் சினந்தனர். 1990-களின் இறுதியில் ஊரார் ஆராய்ச்சியாளரோடு கூடிப் பேசினர். மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு ஆடுகளுக்கென ஒதுக்கினர். அதற்கு ஈடாக ஊருக்குப் பொருளுதவி கிடைத்தது. பின்னர், கால்நடைகளுக்கு ஊராரே நடத்தும் காப்பீடும் ஏற்பட்டது. பனிச்சிறுத்தைக்குக் காட்டிலே இரை கிடைத்தது. தொழுவத்திலே இழந்தவனுக்கு ஈடு கிடைத்தது. 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன. அவற்றின் வாழ்வு வேலியால் மட்டும் நிற்பதன்று. மேய்ப்பரின் உடன்பாட்டாலும் நிற்பது.

நீலகிரிக்கும் இதுவே வழி. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அயல்நாட்டுப் படர்செடிகளையும் மரங்களையும் நீக்கி இயற்கையை மீட்பதற்கு ஒரு கொள்கையை வெளியிட்டது. அதன்படி அயல்மரத்தை வெட்டுதல் முதற்படியே. மீண்டும் முளைக்கும் கன்றைக் களைதல், உரிய புல்லைத் தேர்ந்து நடுதல், சதுப்பைக் காத்தல் ஆகிய பணிகள் ஆண்டுதோறும் தொடர்தல் வேண்டும். எந்தப் புல் எந்தச் சரிவில் வளரும், எந்தச் சதுப்பில் எந்த மாதம் நீர் நிற்கும் என்பன தலைமுறை தலைமுறையாகத் தோதவர் அறிந்தவை. அவ்வறிவை ஏட்டறிவோடு இணைத்தால் மலை மீளும். காட்டில் வாழ்வோர்க்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய உரிமையை மதித்து, அவர்களையே காவலர்களாகக் கொள்ளுதல் அறமும் ஆகும், அறிவுடைமையும் ஆகும்.

மாணவர்களே! உங்கள் ஏரியிற் கால்வாய் நீர் வந்து சேரும் நாளில், மடைவாயில் நின்று அதனைச் சற்றே நோக்குங்கள். அந்நீரில் ஒரு பங்கு, வரையாடு மேயும் ஒரு குன்றின் புல்வேரில் தங்கியிருந்து வந்ததாதல் கூடும். ஒரு தோதவன் தன் எருமைக்குக் காட்டிய ஓடையினின்று புறப்பட்டதாதல் கூடும். மலைக்குச் செல்லும் வாய்ப்பு நேருமாயின் அங்கே குப்பையை விட்டுவராதீர். பாறைமேல் நிற்கும் ஆட்டிற்குத் தின்பண்டம் நீட்டாதீர். புல்வெளியைப் பார்த்து வெற்றிடம் என்று சொல்லாதீர். மேல்மடைக்காரன் வாய்க்காலைக் காவாவிடின் கடைமடை வறளும் என்பதை நம் ஊர் உழவர் நன்கறிவர். மலையே இந்நாட்டின் மேல்மடை. அங்கே புல்லைக் காப்பவர் நம் வயலையும் காப்பவரே ஆவர்.